முதுகுக்குப் பின்னால் ஒரு துறைமுகம்

திருகோணமலையில் ஓட்டோவும் வானும் ஓட்டும் தம்பிமாருக்கும் நானாமாருக்கும் மல்லிமாருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ளவர்களே,



இரண்டு நாள் லீவில் கொழும்பிலிருந்து வருகிற குடும்பம், யாழ்ப்பாணத்திலிருந்து கோயிலுக்கு வருகிற கூட்டம், முதுகில் பையோடு இறங்குகிற வெள்ளைக்காரர், கனடாவில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பிறந்த ஊரைக் காட்ட வந்தவர் என்று யார் வந்தாலும் முதலில் கேட்பது உங்களிடம்தான்: “இங்க பார்க்க என்ன இருக்கு?” நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அதுதான் அவர்கள் பார்க்கும் ஊர். அதனால்தான் அதிகாரிகளை விட்டுவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன்.

நீங்கள் சொல்லும் பட்டியல் எனக்கும் மனப்பாடம். கோணேசர் கோயில், கன்னியா, நிலாவெளி, புறாமலை. குறை சொல்ல முடியாத இடங்கள். ஆனால் இவற்றை மட்டும் பார்த்துவிட்டு பஸ் ஏறுகிறவர் திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்க்காமலே போகிறார். கோணேசர் மலையில் நின்று அவர் பார்த்தது வங்காள விரிகுடா. ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மாறிமாறி அடிபட்டது அந்தக் கடலுக்காக இல்லை. அவர்கள் அடிபட்ட தண்ணீர் அந்த நேரம் அவருடைய முதுகுக்குப் பின்னால், ஊருக்கு மேற்கே, மலைகளுக்கு நடுவே கிடந்தது. வீட்டுக்கு வந்தவரை விறாந்தையோடு இருத்தித் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுவது போலத்தான் இது.

நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் சுற்றில் துறைமுகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கே நிறுத்தலாம், எந்த நேரம் நல்லது, எதைச் சொல்லிக் காட்டலாம் என்று எனக்குத் தெரிந்ததைக் கீழே எழுதுகிறேன்.

முதலில், ஊர் கிடக்கும் கிடையைச் சொல்லிக் கொடுங்கள். நம்முடைய நகரம் ஒரு ஒடுங்கிய நிலக் கழுத்தின் மேல் இருக்கிறது. கிழக்கே திறந்த கடல், மேற்கே உட்துறைமுகம். ஒன்றிலிருந்து மற்றதற்கு நடந்தே போய்விடலாம். வாடைக்காலத்தில் யாராவது வந்தால் இதைச் சொல்லி விளக்கவே தேவையில்லை. மார்கழியில் பெருங்கடல் பக்கத்துக் கடற்கரைக்குக் கூட்டிப்போங்கள். அலை எழும்பி அடிக்கும், காற்று குடையைப் பறிக்கும், வள்ளங்கள் எல்லாம் மேலே இழுத்து வைக்கப்பட்டிருக்கும். அப்படியே வண்டியைத் திருப்பி உட்துறைமுக வீதியில் கொண்டுபோய் நிறுத்துங்கள். மழை அதே மழை. தண்ணீரோ குளத்துத் தண்ணீர் மாதிரி அடங்கிக் கிடக்கும். நங்கூரமிட்ட கப்பல் ஆடாது. திருகோணமலைக்காக இத்தனை சண்டை ஏன் நடந்தது என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டாம்.

பாய்க்கப்பல் காலத்தில் சென்னையில் கப்பலுக்கு ஒதுங்க இடம் இருக்கவில்லை. திறந்த கடலில்தான் நங்கூரம் போட வேண்டும். ஐப்பசியில் வாடை தொடங்கினால் அங்கே நிற்பது ஆபத்து. ஆங்கிலேயரின் போர்க்கப்பல்கள் பம்பாய்க்குச் சுற்றிப்போய் ஒதுங்கின. அவை திரும்பி வரும்வரை சோழமண்டலக் கரை காவலற்றுக் கிடந்தது. வாடையிலும் சோளகத்திலும் ஒரே மாதிரி ஒதுங்க அந்தப் பக்கத்தில் இருந்த பெரிய துறை திருகோணமலைதான். அதனால் 1782ஆம் ஆண்டில் மட்டும் இங்கே மூன்று கொடிகள் பறந்தன. ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்தார்கள். ஓகஸ்ட் முடியும்போது பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் அவர்களிடமிருந்து பறித்தார். அடுத்த ஆண்டுச் சமாதானத்துக்குப் பின் மீண்டும் ஒல்லாந்தர் கைக்கு வந்தது. 1795இல் ஆங்கிலேயர் திரும்பி வந்தார்கள். 1957 ஒக்டோபரில்தான் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தார்கள். சுதந்திரம் கிடைத்து ஒன்பது ஆண்டுக்குப் பிறகு என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். கேட்பவருக்கு இந்தத் தண்ணீரின் பெறுமதி விளங்கும்.

இனி இடங்கள்.

கோணேசர் மலைக்கு விடியப்புறமே கூட்டிப்போங்கள். பத்து மணிக்குப் பிறகு பாறை சுடும், செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கிற வெளியூர்க்காரர் துள்ளித்துள்ளி ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். விடியலில் போனால் சூரியன் கடலிலிருந்து எழும்புவதையும் காணலாம், சனமும் குறைவு. போகும் வழியில் கோட்டை வாசலில் ஒரு நிமிஷம் நிறுத்துங்கள். கல்லில் செதுக்கிய இரட்டைக் கயலையும் பக்கத்திலுள்ள தமிழ்க் கல்வெட்டையும் காட்டுங்கள். 1620களில் போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள் என்பதற்கு வாசலே சாட்சி. திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய கோயில் அது. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடிவாரத்தில் சுழியோடி, கடலுக்குள் கிடந்த தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டார்கள். இப்போது நாம் கும்பிடும் கோயிலின் கும்பாபிஷேகம் 1963இல்தான் நடந்தது.

மலையில் இராவணன் வெட்டுப் பக்கம் எல்லாரும் எட்டிப் பார்ப்பார்கள். முந்நூறு அடிக்கு மேல் செங்குத்தாக இறங்கும் பாறை. அந்த விளிம்பில் நிற்கும் மரத்தைக் கிட்டப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். கிளை முழுக்கச் சின்னச் சின்ன மரத் தொட்டில்கள். பிள்ளை வரம் கேட்டுக் கட்டியவை. சில வெயிலில் வெளுத்து நூல் மட்டும் தொங்கும். சிலது நேற்றுக் கட்டிய மாதிரி மஞ்சளோடு இருக்கும். கடற்காற்றில் எல்லாம் ஒன்றாக ஆடும். அதைப் படம் எடுக்கிறவர்களிடம், தொட்டு விளையாட வேண்டாம் என்று மட்டும் சொல்லிவையுங்கள். ஒவ்வொன்றும் ஒரு வீட்டுக்காரரின் மன்றாட்டு.

இன்னொரு விஷயம். ஒல்லாந்து அதிகாரியின் மகள் பிரான்சினா, காதலன் கப்பலேறிப் போவதைக் கண்டு இந்த மலையிலிருந்து குதித்த கதையை உங்களில் பலர் கண்ணீர் வரும்படி சொல்வீர்கள். நல்ல கதைதான். 1687ஆம் ஆண்டைக் குறிக்கும் ஒரு தூணும் அங்கே உண்டு. ஆனால் அந்தப் பெண் அதற்குப் பிறகும் உயிரோடு இருந்து கல்யாணம் முடித்தார் என்று ஒல்லாந்தரின் பதிவேடுகளை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். கதையையும் சொல்லுங்கள், இதையும் சொல்லுங்கள். பயணி சிரித்துக்கொண்டே கேட்பார். உங்கள் மற்றப் பேச்சையும் நம்புவார். அந்தத் தூண் பழைய கோயிலின் தூண் என்பதைச் சொன்னால் கதைக்குக் கனமும் கூடும்.

பங்குனி, சித்திரையில் கடல் படிந்திருக்கும் நாட்களில் வருகிறவருக்கு மலையில் இன்னொரு காட்சியும் கிடைக்கலாம். இந்தத் துறைமுகத்துக்கு முன்னால் கடலடியில் ஒரு பெரிய பள்ளத்தாக்கு இருக்கிறது. கொட்டியாரக் குடாவுக்குள்ளேயே தொடங்கி, கரைக்குக் கிட்டவே ஆழமாகிப் போகிறது. நடுக்கடலில் திரிய வேண்டிய நீலத் திமிங்கிலம் இங்கே கரையிலிருந்து தெரிவது அதனால்தான். 1980களின் தொடக்கத்தில் டியூலிப் என்ற ஆய்வுப் பாய்க்கப்பலில் வந்தவர்கள் இந்தக் கடலில் திமிங்கிலங்களைப் பின்தொடர்ந்து எழுதிய பிறகுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. எப்படிப் பார்ப்பது என்று நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டும். கிட்டத்து அலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் தெரியாது. கடலும் வானமும் சேரும் கோட்டுக்குச் சற்றுக் கீழே கண்ணை வைத்து மெல்ல ஓட்ட வேண்டும். முப்பது அடி வரை வெள்ளைப் புகை மாதிரி ஒன்று நேராக எழும்பிக் கலையும். அது திமிங்கிலம் விடும் மூச்சு. ஒன்றைக் கண்டால் அந்த இடத்தையே பார்த்தபடி இருங்கள், சில தடவை அடுத்தடுத்து வரும். பிறகு ஆழத்துக்குப் போய்விடும். வண்டியில் ஒரு பழைய தொலைநோக்கி வைத்திருந்தால் படகுக்குக் காசு கட்ட முடியாத குடும்பத்துக்கும் திமிங்கிலம் காட்டலாம். ஆனால் கட்டாயம் தெரியும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

கோட்டைக்குள் திரியும் மான்களைப் பற்றியும் ஒரு சொல். பிஸ்கட்டையும் பாணையும் கொடுத்துப் பிள்ளைகளோடு நிறுத்திப் படம் எடுப்பது வழக்கமாகிவிட்டது. கொடுப்பவர் பையோடு போட்டுவிட்டுப் போவார், மான் பொலித்தீனையும் சேர்த்துத் தின்னும். “கொடுக்க வேண்டாம்” என்று அறிவிப்புப் பலகை சொல்வதைவிட நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

மலையையும் நிலாவெளியையும் மட்டும் காட்டிவிட்டு நிறுத்தாதீர்கள். டொக்யாட் வீதியில் டச்பே கடற்கரையைப் பார்த்தபடி நிற்கிறது ஒல்லாந்தர் காலத்துப் பெரிய வீடு. திருத்திக் கடல்சார் அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். மத்தியான வெயிலுக்கு ஒதுங்க அதைவிட நல்ல இடம் ஊருக்குள் இல்லை. அதன் மேல் விறாந்தையில் நின்றால் கோணேசர் மலையைப் பக்கவாட்டில் முழுசாகப் பார்க்கலாம். மலைமேல் நிற்கிறவருக்குக் கிடைக்காத பார்வை அது.

அடுத்தது, இந்த மடலின் முக்கியமான இடம்: உவர்மலையும் உட்துறைமுக வீதியும். இங்கே பின்னேரம்தான் வர வேண்டும். காலையில் கடலிலிருந்து எழும்பிய அதே சூரியன், பின்னேரம் துறைமுகத்துத் தண்ணீருக்கு அப்பால் மேற்கு மலைகளில் இறங்கும். ஒரே நாளில், ஊரைவிட்டு வெளியே போகாமல் இரண்டையும் தண்ணீர் மேல் பார்க்க இந்தத் தீவில் எத்தனை நகரத்தில் முடியும்? உங்கள் வாடிக்கையாளரிடம் முதல் வேலையாகச் சொல்ல வேண்டியது இதுதான்.

அங்கே நிறுத்தி எதைக் காட்டலாம்? 1,630 ஹெக்டேயர் நீர்ப்பரப்பு. உள்ளே வரும் வாய் 500 மீட்டர்தான். உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து அந்த வாயை நேராகக் காண முடியாது. மலைகளும் சோபர் தீவும் மறைத்துவிடும். வெளிக்கடலில் போகிற எதிரிக் கப்பலுக்கு உள்ளே நிற்கும் கப்பல் தெரியாது என்பதுதான் இந்தத் துறையின் பலம். எதிர்க்கரையில் சீனன்குடாவில் உயரமாக நிற்பது பிறிமா மா ஆலை. அங்கே அரைக்கிற மாதான் நம்முடைய பாணுக்கும் ரொட்டிக்கும் வருகிறது என்று பிள்ளைகளுக்குச் சொன்னால் அவர்கள் அந்தக் கட்டிடத்தை வேறு கண்ணால் பார்ப்பார்கள். பொழுது பட்ட பிறகு ஆலையின் விளக்கெல்லாம் தண்ணீரில் நீளமாக விழும். கரைச் சுவரில் தூண்டில் போடுகிறவர்கள் அந்த நேரம்தான் வந்து கூடுவார்கள். கச்சான் வண்டியும் வரும்.

சீனன்குடாவில் காட்டுக்குள் இருக்கின்றன எண்ணெய்க் குதங்கள். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன் ஆங்கிலேயர் தங்கள் போர்க்கப்பல்களுக்காகக் கட்டியவை. 99 இன்னும் நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9 காலையில் ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தின் மேல் குண்டு போட்டன. ஒரு விமானம் எண்ணெய்க் குதம் ஒன்றின் மேலேயே விழுந்து அது பல நாள் எரிந்தது. தாக்குதல் வருகிறது என்று முதல் நாளே அறிந்து துறைமுகத்தைவிட்டு அவசரமாக வெளியேற்றப்பட்ட விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ், அன்றே மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. இன்றும் சுழியோடிகள் அதைப் பார்க்கப் போகிறார்கள். 2022இல் இந்தக் குதங்களை இலங்கையும் இந்தியாவும் பங்கிட்டுக்கொள்ள ஒப்பந்தம் செய்தபோது தொலைக்காட்சியில் பெரிய சண்டை நடந்ததே, ஞாபகம் இருக்கும். 1782இல் நடந்த இழுபறி இன்னும் முடியவில்லை என்று நீங்கள் சொல்லலாம். அரசியல் பேசுவது உங்கள் விருப்பம்.

முழுத் துறைமுகத்தையும் ஒரே பார்வையில் அடக்குகிற மேடு ஒன்று உண்டு. ஒஸ்ரன்பேர்க் கோட்டை. துறைமுக வாய்க்கு நேர் மேலே உள்ள மலைமுதுகில் ஒல்லாந்தர் கட்டியது. 1782இல் ஊர்க் கோட்டையைப் பிடித்த பிறகும் இதைப் பிடிக்கும்வரை ஆங்கிலேயருக்குத் துறைமுகம் சொந்தமாகவில்லை. இப்போது அது கடற்படை முகாமுக்குள் இருக்கிறது. நினைத்தவுடன் போக முடியாது. அனுமதி வேண்டும், அடையாள அட்டை வேண்டும். “நான் கூட்டிப்போறன், ஆளைத் தெரியும்” என்று சொல்லிப் பயணியை வாசல்வரை கூட்டிப்போய்த் திருப்பிக் கொண்டுவராதீர்கள். அதேபோல் முகாம்களையும் போர்க்கப்பல்களையும் படம் எடுக்க வேண்டாம், ட்ரோன் பறக்கவிட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கமரா பறிபோன பிறகு சொல்லிப் பயனில்லை.

வெளியூர் ஹயர் கிடைத்தால் தெற்கே போங்கள். சீனன்குடா தாண்டினால், கொட்டியாரக் குடாவின் வடகரையில் விமானப்படை பராமரிக்கும் மார்பிள் பீச் இருக்கிறது. தண்ணீர் தெளிவு, அலை குறைவு. குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு நிலாவெளியைவிடப் பயமில்லாத இடம். துறைமுகத்துக்குப் போகும் கப்பல் தூரத்தில் மெதுவாகக் கடந்துபோவதை முழங்கால் தண்ணீரில் நின்றே பார்க்கலாம்.

அங்கிருந்து கிண்ணியாப் பாலம். 2009இல் திறந்தது, 396 மீட்டர் நீளம். அதற்கு முன் ‘பாதை’ என்ற மிதவையில் வண்டியை ஏற்றிக் கரைக்குக் கரை போனதை உங்களில் மூத்த நானாமார் நன்றாகச் சொல்வார்கள். பிரசவத்துக்குப் போகிறவரும் பிரேதத்தோடு வருகிறவரும் ஒரே பாதைக்குக் காத்து நின்ற காலம் அது. பாலத்தின் நடுவில் நின்றால் ஒரு பக்கம் தம்பலகாமக் குடா, மறுபக்கம் கொட்டியாரக் குடா. கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் துறைமுக மலைகள் நீலமாகத் தெரியும். திருகோணமலையை வெளியே நின்று பார்க்க அருமையான இடம். ஆனால் பாலத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள், முனையில் விட்டுவிட்டு நடக்கச் சொல்லுங்கள்.

நேரம் இருந்தால் மூதூர்வரை விடுங்கள். 1659இல் மசூலிப்பட்டினத்தில் புயலில் பாய்மரம் முறிந்த ஆங்கிலக் கப்பல் ஒன்று, புதிய மரம் போடுவதற்குக் கொட்டியாரக் குடாவுக்குத்தான் வந்தது. அதில் வந்த இளைஞன் றொபேட் நொக்ஸைக் கண்டியரசன் இராசசிங்கனின் ஆட்கள் 1660இல் தகப்பனோடு பிடித்துக்கொண்டு போனார்கள். பத்தொன்பது வருஷத்துக்கு மேல் சிறையிருந்து 1679இல் தப்பினார். லண்டனில் 1681இல் அவர் வெளியிட்ட புத்தகம்தான் கண்டி இராச்சியத்தை உள்ளிருந்து பார்த்து ஆங்கிலத்தில் எழுதிய முதல் பெரிய நூல். புயலில் அடிபட்ட கப்பலுக்கு வங்கக் கடலில் கிடைத்த ஒதுக்கிடம் கொட்டியாரம் என்பது இந்தக் கதையிலும் இருக்கிறது, கவனித்தீர்களா?

வடக்கே புறாமலையைப் பற்றி நான் சொல்லித் தர ஒன்றுமில்லை. 2003இல் தேசியப் பூங்கா ஆனது, படகுக்காரரே எல்லாம் சொல்வார்கள். முருகைக்கல்லில் மிதிக்க வேண்டாம் என்று மட்டும் கரையிலேயே சொல்லி அனுப்புங்கள்.

ஒரு நாள் ஹயரை இப்படிப் பிரிக்கலாம்: விடியலில் மலை, காலையில் நிலாவெளி, மத்தியானம் அருங்காட்சியகம், பின்னேரம் உட்துறைமுக வீதி. வழக்கமான சுற்றைவிட ஒரு மணித்தியாலம்தான் கூட. அந்த ஒரு மணித்தியாலத்துக்கு நியாயமான காசு கேளுங்கள், தருவார்கள். எரிபொருளும் பெரிதாகச் செலவாகாது, புதிதாகச் சேர்ப்பதெல்லாம் ஊருக்குள்தான். இன்னும் ஒன்று: பின்னேரம்வரை நின்ற பயணி இரவு இங்கேதான் தங்குவார். சாப்பாட்டுக் கடைக்கும் விடுதிக்கும் அடுத்த நாள் காலையில் உங்களுக்கும் அது வருமானம். மத்தியானத்தோடு ஊரைக் காட்டி முடித்துவிட்டால் அவர் மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விடுவார்.

கடைசியாக, உங்களைக் கொண்டு ஆக வேண்டிய ஒரு காரியம். துறைமுகத்தைச் சுற்றியுள்ள நல்ல மேடுகளில் பெரும்பகுதி படையினர் வசம் இருக்கிறது. பொதுசனம் நின்று முழுத் துறைமுகத்தையும் பார்க்க ஒரு பார்வை மேடை இல்லை. கிழக்கே கடலைப் பார்க்க ஆயிரம் இடம் இருக்கும்போது, இந்த ஊர் எதற்காக உலக வரைபடத்தில் இருக்கிறதோ அதைப் பார்க்க முறையான ஒரு இடம் இல்லாதது சரியில்லை. உவர்மலைப் பக்கத்தில் ஒரு மேடை, மூன்று மொழியிலும் எது எந்த மலை, எது எந்தத் தீவு என்று காட்டும் ஒரு பலகை, நிழலுக்கு நாலு வேம்பு, வண்டி நிறுத்த இடம், ஒரு மலசலகூடம். கேட்பது இவ்வளவுதான்.

தனியாள் எழுதும் கடிதம் அலுமாரிக்குள் போய்விடும். தமிழரும் முஸ்லிமும் சிங்களவரும் ஒரே தரிப்பிடத்தில் நின்று, ஒரே வரிசையில் ஹயர் எடுக்கிற உங்கள் சங்கங்கள் ஒன்றாகக் கையெழுத்து வைத்து உள்ளூராட்சி மன்றத்துக்கும் மாவட்டச் செயலகத்துக்கும் கொடுத்தால், அதை அலுமாரியில் வைப்பது அவ்வளவு சுலபம் இல்லை. அடுத்த சங்கக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். மனுவை எழுத ஆள் தேவையென்றால் கூப்பிடுங்கள், மூன்று மொழியிலும் எழுதித் தர ஆட்களைச் சேர்த்துக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் ஊரவன்
திருகோணமலை